ஐஸ் மீனுக்கு ஒரு வக்காலத்து

"அண்ணே, இது டேம் மீனா, ஐஸ் மீனா?"

திண்டுக்கல் மாவட்டத்து ஆத்தூர்ப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்த மீன் கடையில் நின்றாலும் இந்தக் கேள்வி காதில் விழும். கேட்பவரின் குரலிலேயே தீர்ப்பு இருக்கும். டேம் மீன் என்றால் புதுசு, ஐஸ் மீன் என்றால் பழசு. கீழ்ப்பழனி மலையடிவாரத்தில், திண்டுக்கல் நகரத்துக்கே குடிநீர் தரும் காமராஜர் அணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழ்கிறவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். விடியலில் வலையிலிருந்து எடுத்த கட்லா, வெயில் ஏறுவதற்குள் கடைக்கு வந்துவிடுகிறது. கடல் மீனோ தூத்துக்குடியிலிருந்து சுமார் இருநூறு கிலோமீட்டர் வர வேண்டும். ராமேஸ்வரம் இன்னும் தூரம். தூத்துக்குடி மாவட்டத்திலும் ஓர் ஆத்தூர் இருக்கிறது, தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்கு அருகில். அந்த ஊர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. நமக்கு எழுகிறது. எழுந்தால், சரியான விடையைத் தேடிப் பார்ப்பது நல்லது.

ஐஸுக்கு நம் ஊரில் கிடைத்திருக்கும் கெட்ட பெயர் அதற்கு உரியதில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஒரு மீன் எவ்வளவு தூரம் வந்தது, எத்தனை நாளானது என்பதைவிட, அந்த நேரமெல்லாம் அது எந்தக் குளிரில் கிடந்தது என்பதே அதன் பதத்தை முடிவு செய்கிறது. காலை ஆறு மணிக்குப் பிடித்து, பதினோரு மணி வரை வெறும் தார்ப்பாயில் வெயில் காய்ந்த டேம் மீனைவிட, இரண்டு நாள் ஐஸுக்குள் புதைந்து வந்த கடல் மீன் நல்ல மீனாக இருக்கலாம். ஏன் என்று பார்ப்போம்.

மீன் செத்த நொடியிலேயே அதன் தசை செத்துவிடுவதில்லை. மூச்சு நின்று ஆக்சிஜன் வராமல் போனாலும், செல்கள் தம்மிடம் மிச்சமிருக்கும் சர்க்கரைச் சேமிப்பை எரித்துக் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருக்கும். தசை சுருங்கவும் விரியவும் தேவையான ஆற்றலைத் தருவது ஏடிபி என்ற மூலக்கூறு. அது தீர்ந்ததும் தசை இழைகள் ஒன்றையொன்று பற்றிய நிலையிலேயே பூட்டிக்கொள்கின்றன. மீன் கட்டைபோல விறைக்கிறது. தலையைப் பிடித்துக் கிடைமட்டமாகத் தூக்கினால் வால் தொங்காமல் நேராக நிற்கும் மீன் இந்தக் கட்டத்தில் இருக்கிறது. கடையில் அப்படி ஒன்று கிடைத்தால் அது புது மீன் என்பதற்கு நல்ல அடையாளம். வலையில் நெடுநேரம் துடித்துச் செத்த மீன், தன் சர்க்கரையை உயிரோடு இருக்கும்போதே செலவழித்துவிடும். அது சீக்கிரம் விறைத்து, சீக்கிரம் தளரும்.

சுவையின் கதையும் இங்கேதான் தொடங்குகிறது. ஏடிபி படிப்படியாக உடையும்போது நடுவில் ஐனோசினிக் அமிலம் என்ற பொருள் சேர்கிறது. நாக்கில் ஊறும் அந்த ஆழ்ந்த இறைச்சிச் சுவைக்கு அது ஒரு முக்கியக் காரணம். 1913-இல் ஷிந்தாரோ கோடாமா என்ற ஜப்பானிய ஆய்வாளர் இதன் சுவையைக் கண்டறிந்தார். அவர் ஆராய்ந்தது காய்ந்து இறுகிய சூரை மீனை. இலங்கையிலும் நம் தென்கரையிலும் சம்பலுக்கு இடிக்கும் மாசிக் கருவாட்டுக்கு அது நெருங்கிய உறவு. இந்த அமிலமும் அப்படியே நின்றுவிடாது. நாள் செல்லச் செல்ல அது ஹைப்போசாந்தின் என்ற பொருளாக மாறும், அது கசக்கும். எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை அளந்து மீனின் புத்துணர்வைச் சொல்லும் முறையை ஜப்பானியர்கள் 1959-இல் முன்வைத்தார்கள். இதிலிருந்து தெரிவது, துடிக்கத் துடிக்க வெட்டிய மீன்தான் உச்சச் சுவை என்ற நம்பிக்கை முழு உண்மையில்லை என்பதே. சில மணி நேரம் குளிரில் இருந்த மீனுக்குச் சுவை கூடத்தான் செய்யும்.

அந்தச் சில மணி நேரம் குளிரில் கழிய வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மீனைக் கெடுப்பவை அதன் குடலிலும் செவுளிலும் தோல் வழுவழுப்பிலும் வாழும் பாக்டீரியாக்களும், அதன் சொந்த நொதிகளும். இரண்டுமே வெப்பம் கூடக் கூட வேகமெடுக்கின்றன. மீன் தொழில்நுட்பத்தில் ஒரு தோராயக் கணக்கு உண்டு. பூஜ்ஜியம் டிகிரியில் மீன் கெடும் வேகத்தை ஒன்று என வைத்தால், 10 டிகிரியில் அது நான்கு மடங்கு. நம்முடையது போன்ற வெப்பக் கடல் மீன்களை ஆராய்ந்தவர்கள், 20 முதல் 30 டிகிரியில் அந்த வேகம் ஏறத்தாழ 25 மடங்கு என்று கண்டார்கள். அதாவது ஆத்தூரின் ஒரு சாதாரணப் பகலில், வெளியில் கிடக்கும் ஒரு மணி நேரம் ஐஸில் கிடக்கும் ஒரு நாளுக்குச் சமம். காலை ஆறிலிருந்து பதினொன்று வரை தார்ப்பாயில் கிடந்த டேம் மீன், ஐஸ் கணக்கில் ஐந்து நாள் பழசு.

இன்னொன்றும் இருக்கிறது, அதைப் படித்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. நார்வே போன்ற குளிர்க்கடல் மீன்களின் மேல் வாழும் பாக்டீரியாக்களுக்குக் குளிர் பழகிய ஒன்று. அவை ஐஸிலும் தயங்காமல் பெருகும். மன்னார் வளைகுடாவின் வெதுவெதுப்பான நீரில் வளர்ந்த மீன்களின் மேல் இருப்பவை வெப்பத்துக்குப் பழகியவை. திடீரென்று ஐஸில் விழுந்தால் பெரும்பாலானவை முடங்கிப்போகின்றன. அதனால் ஐஸ் நம் மீனுக்குச் செய்யும் உதவி, வடகடல் மீனுக்குச் செய்வதைவிட அதிகம். பிடித்த உடனே ஐஸில் இட்ட நம் கடல் மீன்களில் பல, இரண்டு வாரம் வரைகூட உண்ணும் பதத்தில் இருப்பதுண்டு. மத்தி, அயிலை போன்ற கொழுப்பு மீன்கள் அவ்வளவு தாங்கா.

ஐஸ் மீனை உறைந்த மீன் என்று பலர் நினைக்கிறார்கள். உருகும் ஐஸின் வெப்பநிலை பூஜ்ஜியம் டிகிரி. மீன் தசை உறைய அதற்கும் கீழே ஓரிரு டிகிரி போக வேண்டும், ஏனென்றால் அதன் நீரில் உப்புகளும் புரதங்களும் கரைந்திருக்கின்றன. ஆக ஐஸில் இருக்கும் மீன் உறைவதற்கு ஒரு படி முன்னால், கெடுவதற்கு மிகத் தயங்கும் இடத்தில் நிற்கிறது. ஐஸ் உருகும்போது அந்தக் குளிர்நீர் மீனின் வழுவழுப்பையும் அதிலிருக்கும் பாக்டீரியாவையும் கழுவிக்கொண்டே போகும். போக வழி இருக்க வேண்டும், அவ்வளவுதான். அடியில் ஓட்டையில்லாத தெர்மாகோல் பெட்டியில் சிவந்த நீர் தேங்கி, அதில் மீன் மிதந்துகொண்டிருந்தால் அந்தக் கடையைக் கடந்து போய்விடலாம்.

எவ்வளவு ஐஸ் வேண்டும்? 30 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ மீனைப் பூஜ்ஜியத்துக்கு இறக்க, கணக்குப்படி ஏறக்குறைய 320 கிராம் ஐஸ் உருகினால் போதும். ஆனால் பெட்டியின் சுவர் வழியே, மூடியைத் திறக்கும்போதெல்லாம், சாலையின் சூடு உள்ளே வந்துகொண்டே இருக்கும். அதனால்தான் வெப்ப நாடுகளில் கிலோ மீனுக்குக் கிலோ ஐஸ் என்று வைத்திருக்கிறார்கள். ஐஸ் நொறுக்கியதாகவும் இருக்க வேண்டும். பாளமாக மேலே வைத்த ஐஸ் தொட்ட இடத்தை மட்டும் குளிர்விக்கும். பொடித்த ஐஸ் மீனின் வயிற்றுக்குள்ளும் புகும்.

இந்த வசதி நமக்கு மிக அண்மைக் காலத்தில் வந்தது. சென்னைக் கடற்கரையில் இப்போது விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ், 1842-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸைச் சேமிக்கக் கட்டியது. அது வெள்ளைக்காரர்களின் குடிபானத்துக்கு வந்த ஐஸ், மீனுக்கில்லை. ஐஸ் ஆலைகளும் லாரிகளும் பெருகும் வரை திண்டுக்கல் சீமைக்குக் கடல் கருவாடாகத்தான் வந்து சேர்ந்தது. உப்பும் வெயிலும் மீனின் நீரை எடுத்துவிட்டால் பாக்டீரியாவுக்குப் பிழைப்பில்லை. அந்தச் சுவை இன்றும் நம் கத்திரிக்காய்க் குழம்பில் தங்கியிருக்கிறது.

இனி வாடைக்கு வருவோம். கடல் மீனுக்கு ஒரு கவுச்சி, டேம் மீனுக்கு வேறொரு வாடை. இரண்டின் வேதியியலும் வேறு.

கடல் நீரில் உப்பு சுமார் 3.5 விழுக்காடு. மீனின் உடல் நீரில் அதைவிட மிகக் குறைவு. உப்பு நீர் தன் உடலின் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் நிலையில், கடல் மீன்கள் டிரைமெத்திலமீன் ஆக்ஸைடு என்ற பொருளைத் தசையில் சேர்த்து வைக்கின்றன. ஆழ்கடல் மீன்களில் இது இன்னும் அதிகம். மேலிருந்து அழுத்தும் நீரின் கனத்தில் புரதங்கள் நசுங்கிவிடாமல் காக்கிறது. இதற்கு வாடை கிடையாது. மீன் செத்த பின் பாக்டீரியாக்கள் இதிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ள, மிஞ்சுவது டிரைமெத்திலமீன். நாம் மூக்கைச் சுளிக்கும் கவுச்சி அதுதான். ஆகவே நல்ல கடல் மீனுக்குக் கவுச்சி இருக்கவே கூடாது. கடற்பாசியின் மெல்லிய மணம் மட்டும் இருக்கலாம். சுறாவின் தசையில் யூரியாவும் சேர்ந்திருப்பதால் பழசானால் அமோனியா நெடி அடிக்கும். பிள்ளை பெற்ற தாய்க்குப் புட்டு செய்து கொடுக்கப் பால்சுறா வாங்குகிறவர்கள் மற்ற எதையும்விட இதை முதலில் முகர்ந்து பார்க்க வேண்டும்.

நம் குழம்பில் புளி இருப்பதற்குப் பின்னால் அருமையான வேதியியல் இருக்கிறது. டிரைமெத்திலமீன் ஒரு காரம். புளியின் டார்டாரிக் அமிலம் அதைச் சந்திக்கும்போது இரண்டும் சேர்ந்து உப்பாகின்றன. உப்பு ஆவியாவதில்லை, ஆவியாகாதது மூக்கை எட்டுவதில்லை. வறுவலில் பிழியும் எலுமிச்சையும் இதையே செய்கிறது. புளிக்குழம்பு மறுநாள் ருசிப்பதற்கும் இந்த அமிலம் துணை நிற்கிறது. இரவு முழுவதும் உப்பும் புளிப்பும் மெல்லத் துண்டின் நடுவரை இறங்குகின்றன. ஆனால் நேற்றைய குழம்பைக் கொதிக்க வைத்து, பகல் வெயிலில் மூடிவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிவிடக் கூடாது. புளி பாக்டீரியாவின் கையைக் கட்டும், முழுதாக ஒழிக்காது.

அணை மீனில் டிரைமெத்திலமீன் ஆக்ஸைடு மிகக் குறைவு. அதன் வாடை சேற்று வாடை. அதற்குக் காரணமான ஜியோஸ்மினை நீரிலும் மண்ணிலும் வாழும் நுண்ணுயிர்கள், குறிப்பாக நீலப்பச்சைப் பாசிகள் உண்டாக்குகின்றன. முதல் மழையில் மண்ணிலிருந்து எழும் மணமும் இதனுடையதே. மழையில் நமக்குப் பிடித்த அதே மூலக்கூறை மீனில் ஏற்க மறுக்கிறோம். ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். மீன் இதைச் செவுள் வழியாக எடுத்துக்கொண்டு கொழுப்பில் சேர்த்து வைக்கிறது. எனவே நீர் வற்றிப் பாசி படரும் மாதங்களில் அணை மீனில் வாடை கூடும்; வடகிழக்குப் பருவமழைக்குப் பின் புதுநீர் நிறைந்திருக்கும்போது குறையும். ஆத்தூரில் டேம் மீன் வாங்க நான் பரிந்துரைக்கும் பருவம் அதுதான். வயிற்றோரக் கொழுப்பையும் உள்ளிருக்கும் கறுப்புச் சவ்வையும் சுரண்டி எடுத்தால் வாடை ஓரளவு குறையும். மதுரை, திண்டுக்கல் வீடுகளில் உயிரோடு வாங்கிவரும் அயிரையைப் பால் கலந்த நீரில் விட்டு, அது உண்ட மண்ணைக் கக்க வைப்பார்களே, அந்தப் பழக்கத்தின் அடிப்படையும் இதுவே: உயிருள்ள மீனுக்கு நல்ல நீரும் நேரமும் கொடுத்தால் அது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும்.

அணையில் கிடைக்கும் ஜிலேபி மீனைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் நாட்டு மீன் என்றே பலர் எண்ணும் இது ஆப்பிரிக்காவைச் சேர்ந்த திலேப்பியா. 1952-இல் இந்தியாவுக்கு வந்தது. எந்த நீரிலும் பெருகும் அதன் வலிமை, உள்ளூர்க் கெண்டைகளுக்கு நல்லதாக அமையவில்லை. ஆனால் எண்ணெயில் முறுகப் பொரிக்க இதைவிட ஏற்ற மீன் அணையில் அதிகமில்லை.

வெளியில் மீன் உண்ணும் இன்பத்தை மேட்டூரும் ஒகேனக்கல்லும் தமிழ்நாட்டுக்கே கற்றுக்கொடுத்தன. கண்ணெதிரே வெட்டி, மசாலா தடவி, கொதிக்கும் எண்ணெயில் இடும் மீனுக்கு ஈடு சொல்ல முடியாது. திண்டுக்கல் மாவட்டத்தில் அதைவிடப் பழைய ஒரு வழக்கம் உண்டு. கோடையில் குளங்களும் கண்மாய்களும் வற்றும்போது, நத்தம் பக்கத்து ஊர்களிலும் பிற ஊர்களிலும் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துணியை வீசியதும் ஊத்தாவோடும் வலையோடும் கூடையோடும் நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். பிடித்ததை விற்பதில்லை, அன்றே ஊரெங்கும் குழம்பு கொதிக்கும். ஐஸ் இல்லாவிட்டாலும் அறிவியல் கேட்கும் வேகம் அங்கே இருக்கிறது: பிடிப்புக்கும் அடுப்புக்கும் இடையே சில மணி நேரம் மட்டுமே. கரையிலேயே பொரிப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. இப்போதுதான் செத்த மீன் சூட்டில் சுருண்டு வளையும், சதையும் கொஞ்சம் ரப்பராகும். இருபுறமும் எலும்பு வரை கீறிவிட்டால் அந்த இழுப்பு தளரும். மசாலாவும் உள்ளே போகும்.

மூக்குக்கும் கண்ணுக்கும் தெரியாத ஆபத்து ஒன்று இருக்கிறது. சூரை, அயிலை, மத்தி போன்ற மீன்களின் சிவந்த தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. சூட்டில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றும். மீன் பார்க்க நன்றாகவே இருக்கலாம். சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணிக்குள் முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடல் அரிக்கும். 'எனக்கு அயிலை ஒத்துக்காது' என்று சொல்பவர்களில் சிலருக்கு ஒத்துக்கொள்ளாதது அயிலையே இல்லை, அது ஐஸில்லாமல் கழித்த நேரம். ஒருமுறை உண்டான ஹிஸ்டமினைக் கொதிக்க வைத்தும் போக்க முடியாது, பொரித்தும் போக்க முடியாது, உறைய வைத்தும் முடியாது. அதனால் நூறு கிலோமீட்டருக்கு மேல் கடலிலிருந்து தள்ளி வாழும் நாம், இந்த மீன்களை மட்டும் ஐஸுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுப்பவரிடமே வாங்க வேண்டும். மூச்சுத் திணறினால் மருத்துவரிடம் போவதில் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

ஐஸுக்குச் செலவிட மனமில்லாத இடத்தில்தான் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் ரசாயனம் நுழைகிறது. 2018-இல் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை நடத்திய 'ஆபரேஷன் சாகர் ராணி' சோதனையில், எல்லைச் சாவடிகளில் ஃபார்மலின் ஏறிய மீன் பிடிபட்டது நினைவிருக்கும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், தாள் துண்டொன்றின் நிறமாற்றத்தால் அதைக் கண்டறியும் எளிய சோதனைப் பெட்டியை உருவாக்கியது. உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் ஃபார்மலினில் கரைந்திருக்கும் ஃபார்மால்டிஹைடைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியாக வகைப்படுத்தியிருக்கிறது. கண் குழிந்து செவுள் வெளிறிய பின்னும் உடல் மட்டும் கெட்டியாக, எந்த வாடையும் இல்லாமல் இருக்கும் மீனைச் சந்தேகியுங்கள். நல்ல மீனில் எல்லா அடையாளமும் ஒன்றாகச் சேர்ந்து வரும்: துருத்திய தெளிந்த கண், ரத்தச் சிவப்பான செவுள், அழுத்தினால் எழும்பும் சதை.

இறாலின் தலையிலும் கால்களிலும் வரும் கறுப்பைக் கண்டு பயப்படுபவர்கள் உண்டு. அது அதன் சொந்த நொதியின் வேலை. வெட்டிவைத்த வாழைக்காய் கறுப்பதும் இதே வகை நொதியால்தான். கறுப்பு மட்டும் இருந்து வாடை இல்லையென்றால் இறால் கெட்டதாக ஆகாது, தலையைக் கிள்ளிவிட்டால் பரவுவதும் குறையும். வேகும்போது அது சிவப்பதற்குக் காரணம், அஸ்டாசாந்தின் என்ற செந்நிறப் பொருளைப் பிடித்து மறைத்திருந்த புரதம் சூட்டில் அவிழ்வதே. நண்டுக்கு மட்டும் சலுகை கிடையாது. செத்த நண்டின் செரிமான நொதிகள் அதன் சதையை மிக விரைவாகக் கூழாக்கிவிடும். ஈரச் சாக்கில் சில நாள் உயிர்வாழும் சேற்று நண்டு ஆத்தூர் வரை வந்து சேரும் வல்லமை உள்ளது. கால் அசைவதைப் பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.

உணவகத்துக்குப் போனால் நான் சொல்வது ஒன்றுதான். வாசலில் சிவப்பு மசாலா பூசி அடுக்கிவைத்த துண்டுகளை நம்பி உட்காராதீர்கள். மசாலா நிறத்தையும் வாடையையும் மறைக்கும், கண்ணாடிப் பெட்டிக்குள் குளிர் இருக்கிறதா என்பதை மறைக்காது. கண்ணாடியைத் தொட்டுப் பாருங்கள். 'இன்னைக்கு என்ன மீன் வந்திருக்கு?' என்று பரிமாறுபவரிடம் கேளுங்கள். ஆண்டு முழுவதும் எல்லா மீனும் இருக்கிறது என்று பதில் வந்தால், அது உறைந்த மீன். அதிலும் தவறில்லை. வேகமாக உறைய வைத்து மைனஸ் 18 டிகிரியில் காத்த வஞ்சிரம் நன்றாகவே இருக்கும். வீட்டு ஃபிரீசர் மெதுவாக உறைய வைப்பதால் பெரிய பனிப் படிகங்கள் உண்டாகித் தசையைக் கிழிக்கின்றன, அதனால் உருகும்போது சாறெல்லாம் வடிந்து மீன் சக்கையாகிறது. மெல்லிய துண்டுகளாக, காற்றுப் போகாமல் கட்டி, ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல் வைத்தால் இந்தச் சேதம் குறையும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், நம் கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடை. மீன்கள் இனம் பெருக்க விடும் ஓய்வு அது. நாட்டுப் படகுகளின் சிறு வரத்தும் மேற்குக் கரை மீனும் மட்டும் வரும், வழி நீளும், வெயிலோ உச்சத்தில் நிற்கும். ஐஸ் அதிகம் தேவைப்படும் மாதங்களும் அது விரைவில் உருகித் தீரும் மாதங்களும் ஒன்றே. அந்த இரண்டு மாதம் கடைக்குப் போகிறவர்கள் மூடியுள்ள ஒரு சில்வர் தூக்குவாளியைக் கையோடு கொண்டுபோய், கடைக்காரரிடம் இரண்டு கை நொறுங்கிய ஐஸ் கேட்டு மீனின் மேலும் கீழும் போட்டு வாங்கி வரலாம். பக்கத்துச் செம்பட்டியிலிருந்து பேருந்தில் வந்தாலும் மீன் குளிர்ந்தபடியே அடுப்படிக்கு வந்து சேரும்.